காதுக்குப் பொருந்தும் இயர்போன்

"ஹஜ்ரத், பையன் நல்ல இயர்போன் வேண்டும் என்கிறான். எத்தனை ரூபாயில் வாங்கலாம்?" மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் இப்போது இப்படி அடிக்கடி கேட்கின்றனர். மஸ்அலா கேட்க வேண்டிய மனிதரிடம் மின்சாமானின் விலையைக் கேட்கிறார்களே என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விலையைப் பற்றிக் கேட்பவர்கள் காதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் காலை வேளையில் ஏறிப் பாருங்கள். கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் இளைஞர்களில் காதில் எதையேனும் மாட்டிக்கொள்ளாதவரைத் தேடத்தான் வேண்டும். போவதற்கு இரண்டு மணி நேரம், வருவதற்கு இரண்டு மணி நேரம் என்று குறைவாகவே கணக்கிட்டாலும், வாரத்துக்கு ஐந்து நாளில் இருபது மணி நேரம் ஆகிறது. இந்த இருபது மணி நேரத்தைக் காது தாங்குமா? அது ஒலியின் அளவைப் பொறுத்தது. வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சிறுவர்களுக்கு அந்த அளவு 75 டெசிபல்தான். ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். அதாவது 83 டெசிபலில் 20 மணி நேரம். 86இல் 10 மணி நேரம். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் சேர்த்து நான்கே மணி நேரம். நம் பிள்ளை அந்த நான்கு மணி நேரத்தைத் திங்கட்கிழமை ஒரே நாளில் செலவழித்துவிடுகிறான். மீதி நாட்களுக்கெல்லாம் கடன் வாங்குகிறான்.

அந்தக் கடனை எவரும் அடைக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள துன்பம். உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் பகுதியில், ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ பதினையாயிரம் உள்ளன. பிறக்கும்போது வாய்த்தவை அவ்வளவே. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரொலியால் முதலில் சேதமுறுவது 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள பகுதி. அதனால் பிள்ளை திடீரென்று செவிடாவதில்லை. "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்று புரியவில்லை" என்ற நிலைமை மெல்ல மெல்ல வந்து சேரும். காதில் 'கீ' என்ற இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். 12 வயது முதல் 34 வயது வரையுள்ளவர்களில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இந்த ஆபத்தின் எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

சரி, இதற்கும் நல்ல இயர்போன் வாங்குவதற்கும் என்ன தொடர்பு? முழுத் தொடர்பும் இங்கேதான் இருக்கிறது. ரயில் பெட்டியின் இரைச்சல் காதுக்குள் புகுந்தால், அதை மிஞ்சும்படி ஒலியைக் கூட்டத்தான் வேண்டும். இரைச்சல் புகாவிட்டால் மெல்லிய ஒலியே போதும். எனவே உள்ளே நுழைந்து காதுத்துளையைச் சரியாக அடைத்துக்கொள்ளும் இயர்போனே நல்ல இயர்போன். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான். காது மடலின் குழியில் சும்மா தொற்றிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் வகை, வீட்டில் அமைதியான அறைக்கு ஏற்றது. தாய் கூப்பிட்டாலும் காதில் விழும். அதை ரயிலுக்குக் கொண்டு போவதுதான் வினை.

முனையில் ரப்பர் மாட்டிய உள்நுழையும் வகையின் பிறப்பு வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மீட் கில்லியன் என்பவர் காது கேட்கும் கருவிகளையும் செவிப்புலன் சோதனைகளையும் ஆராய்ந்தவர். அவருடைய எட்டிமோட்டிக் நிறுவனம் 1991இல் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. மூன்றடுக்குக் குடை போன்ற ரப்பர் முனையோடு காதுத்துளையில் ஆழமாகப் பதியும் அமைப்பு அது. செவித்திறன் குறைந்தோருக்காக உழைத்த துறையிலிருந்து வந்த பொருள், இன்று செவித்திறனைக் குறைத்துக்கொள்ளும் கருவியாகப் பயன்படுகிறது. குற்றம் கருவியுடையது அன்று, பயன்படுத்தும் முறையுடையது.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்தால் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் ரப்பர் முனைகள் இருக்கும். நம்மவர்களில் பெரும்பாலோர் நடுத்தர அளவு மாட்டியிருப்பதை அப்படியே காதில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு சேர்த்துப் பரணில் போட்டுவிடுகின்றனர். பிறகு, "பேஸ் இல்லை, தரமில்லை" என்று பொருளைக் குறை கூறுகின்றனர். காதுக்கும் ரப்பருக்கும் இடையில் சிறு சந்து இருந்தாலும் முதலில் கசிந்து போவது கனத்த ஒலிதான். அதை ஈடுசெய்ய ஒலியைக் கூட்டுகிறோம், அல்லது 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று எழுதிய வேறொன்றை வாங்குகிறோம். என் அனுபவத்தில், மட்டம் என்று ஒதுக்கப்பட்ட இயர்போன்களில் பலவற்றுக்குத் தேவைப்பட்டது வேறு அளவு ரப்பர் மட்டுமே.

மாட்டும் முறையும் உண்டு. வலக்காதில் மாட்டும்போது இடக்கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள். காதுத்துளை நேரான குழாயன்று, சற்று வளைந்தது. மடலை இழுத்தால் நேராகும். அப்போது இயர்போனை லேசாகத் திருகி உள்ளே வைத்து மடலை விட்டுவிடுங்கள். பின்னர் எதையும் ஒலிக்க விடாமல், வாய்விட்டு 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசியது போலத் தலைக்குள் முழங்கினால் துளை நன்றாக அடைபட்டிருக்கிறது. ஒரு காதில் முழங்கி மறு காதில் முழங்காவிட்டால் அந்தப் பக்கத்துக்கு வேறு அளவு தேவை. இரு காதும் ஒரே அளவாக இருப்பதில்லை. இடத்துக்குச் சிறியதும் வலத்துக்கு நடுத்தரமும் மாட்டிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எந்த ரப்பரும் ஒட்டாதவர்களுக்குப் பஞ்சு போன்ற நுரை முனைகள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றை விரலால் உருட்டிச் சுருக்கிக் காதில் வைத்துச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் நைந்துபோகும் என்பதுதான் குறை.

அடுத்தது ஒலியின் தன்மை. இதை அளக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். நன்கு பழகிய மனிதக் குரல் போதும். காதுத்துளை திறந்திருக்கும்போது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை அது தானாகவே பெருக்கித் தருகிறது. பேச்சு தெளிவாக விளங்குவதற்கு இது பெருந்துணை. துளையை அடைத்தவுடன் அந்தப் பெருக்கம் போய்விடும். நல்ல இயர்போனை அமைப்பவர்கள் அந்த இடத்தில் ஒலியை உயர்த்தி ஈடுசெய்வார்கள். மட்டமானவற்றில் அது இராது. கீழ்ப்பகுதி மட்டும் 'தொம் தொம்' என்று இடிக்கும். பேசுபவரோ திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பேசுவது போலிருக்கும். கேட்பவர் சொல் விளங்கவில்லையே என்று மேலும் ஒலியைக் கூட்டுவார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இயர்போனில் கிராஅத்தும் கேட்கிறார்கள். ஓதக் கற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆகவே சோதனைக்கு அதையே வைத்துக்கொள்வது நல்லது. முழுத் திருக்குர்ஆனும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு எகிப்தில் 1961இல் வெளிவந்தது. ஓதியவர் ஷைக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி. தஜ்வீது பயில்வோருக்கு இன்றும் அது முன்மாதிரி. அந்த ஓதுதலைக் குறைந்த ஒலியில் வைத்து, ஸே, ஸீன், ஸாத் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா என்று கவனியுங்கள். இவ்வெழுத்துகளின் வேறுபாடு பெரிதும் மெல்லிய மேல் ஒலிகளில்தான் இருக்கிறது. மூன்றும் ஒரே 'ஸ' போலக் கேட்டால் அந்த இயர்போன் எத்தனை ரூபாயானாலும் ஓதுகிற பிள்ளைக்கு உதவாது. மாறாக, ஸீன் ஊசி போல் குத்தினாலும் வேண்டாம். அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். அடுத்து, 2015இல் மறைந்த நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் பாடல் ஒன்றைக் கேளுங்கள். அந்தக் கம்பீரக் குரல் நம் நிக்காஹ் பந்தல்களில் ஊறிய குரல். எப்படி ஒலிக்க வேண்டும் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கனம் குறையாமலும் சொல் மங்காமலும் வந்தால் பொருள் தேறிவிட்டது.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதனால் எதுவும் விளங்காது. உள்ளே டிரைவர்கள் இரண்டு, நான்கு என்பதும் தரத்துக்குச் சான்றாகாது. ஒன்றே ஒன்று செம்மையாக அமைந்தாலே போதும். 16 அல்லது 32 ஓம் என்றிருந்தால் சாதாரணக் கைபேசி அதைத் தாராளமாக இயக்கும். அவ்வளவுதான்.

கம்பியுள்ளதா, ப்ளூடூத்தா? கையில் இருப்பது ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்தான் என்றால் நான் கம்பியுள்ளதையே சொல்வேன். அந்த விலையில் பணம் முழுவதும் ஒலிக்கே போகிறது. பேட்டரிக்கும் டப்பாவுக்கும் பங்கு போவதில்லை. காதில் மாட்டும் ப்ளூடூத் பட்ஸில் உள்ள சிறு பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் அதை மாற்ற வழியில்லை. கம்பியுள்ளவற்றிலும் கழற்றி மாட்டத்தக்க கம்பி உடையதைத் தேடுங்கள். அறுந்து போவது எப்போதும் கம்பிதான். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சீனத்தின் கேஇசட், மூன்டிராப் போன்ற நிறுவனங்கள் இவ்வகையைக் குறைந்த விலையில் தருகின்றன. கைபேசியில் வட்டத் துளை இல்லையென்றால், டைப்-சி முனையில் மாட்டும் சிறு இணைப்பான் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். உங்கள் கைபேசியில் அது வேலை செய்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

வாங்கப் பலரும் போவது சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு. சென்ட்ரலில் இறங்கினால் அருகில்தான். நல்ல சரக்கும் உண்டு. பேர்பெற்ற கம்பெனியின் பெயரைத் தாங்கிய போலியும் உண்டு. பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள். ப்ளூடூத் வகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை, அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். இயர்போனை மட்டுமே விற்கும் ஹெட்போன் சோன் போன்ற நிறுவனமும் சென்னையில் தோன்றியதுதான். தபாலில் வரவழைப்போர் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விலை கூடியவற்றில் இரைச்சலைத் தானே அழிக்கும் வசதி இருக்கிறது. ரயில் சக்கரத்தின் ஓசை, மின்விசிறியின் ஓசை போன்ற ஒரே சீரான கனத்த ஒலியை அது நன்றாகக் குறைக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை அவ்வளவாகக் குறைக்காது. தினமும் நான்கு மணி நேரம் ரயிலில் கழிப்பவருக்குக் கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் ரப்பர் பொருந்தாவிட்டால் இந்த வசதியும் வீண்.

இவ்வளவு நன்றாக அடைக்கும் பொருளுக்கு ஓர் அபாயமும் உண்டு. ரயிலை விட்டு இறங்கும்போதே காதிலிருந்து கழற்றிவிட வேண்டும். கண்ட இடத்தில் தண்டவாளத்தைக் கடப்பது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி குற்றம். காதை அடைத்துக்கொண்டு கடப்பதை என்னவென்று சொல்வது! திருப்பதிப் பேருந்தும் சித்தூர்ப் பேருந்தும் திரும்பும் நம் பேருந்து நிலையத்து வாசலுக்கும் இது பொருந்தும். இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சிறு குழந்தைகளுக்கு உள்நுழையும் வகையே வேண்டாம் என்பது என் கருத்து. காதின் மேல் கவிந்து நிற்கும் வகையைக் கொடுங்கள். குளித்த பிறகும் ஒளுச் செய்த பிறகும் காதில் ஈரம் உலர்ந்த பின்னரே மாட்ட வேண்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் காளான் நோய் பற்றும். காதில் சீழ் வடிந்தால் குணமாகும் வரை தொடவே கூடாது. அண்ணன் தம்பியானாலும் ஒருவருடையதை மற்றவர் மாட்டிக்கொள்ள வேண்டாம். ரப்பரை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்பு நீரில் கழுவிக் காய வையுங்கள். வலைப்பகுதியை உலர்ந்த பழைய பல்துலக்கியால், துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டினால் அழுக்கு உதிரும்.

ஒலியளவைக் கைபேசியின் உச்சத்தில் 60 விழுக்காட்டுக்குள் வைப்பது பொதுவான வரம்பு. சில கைபேசிகளில் குறிப்பிட்ட டெசிபலுக்கு மேல் போகாதபடி பூட்டு வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அமைப்புகள் பகுதியில் ஒலி என்ற தலைப்பின் கீழ் தேடிப் பார்த்து, புதிய இயர்போனைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.