90 மார்க் இருக்கட்டும், ஓடுமா?

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைக்கிறவன் நான். கேம்களுக்கு விமர்சனம் எழுதுவோர் வேறு ஆட்கள். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை மட்டும் என் கடைக்கு வந்து சேர்கிறது. போனை நீட்டி, "அண்ணே, இதுக்கு 90 போட்டிருக்கான். என் மெஷின்ல ஓடுமா?" என்பார்கள். அந்த 90-ஐப் போட்டவர் எந்த மெஷினில் ஆடினார், எத்தனை மணி நேரம் ஆடினார், முடித்தாரா, பாதியில் விட்டாரா? கட்டுரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாலும் பல சமயம் கிடைப்பதில்லை. இவற்றைச் சொல்லாத கேம் விமர்சனம் விளம்பரத்தைவிட ஒரு படி மேலானது, அவ்வளவுதான் என்பது என் கட்சி.

சினிமா விமர்சனத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. தேவி தியேட்டரில் பார்த்தாலும் தேனியில் பார்த்தாலும் படம் அதே படம், அதே இரண்டரை மணி நேரம். கேம் அப்படிப்பட்ட சரக்கே இல்லை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும் கிராபிக்ஸ் கார்டில் வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு போவது, நம் பிள்ளைகள் வைத்திருக்கும் ஜிடிஎக்ஸ் 1650-ல் விக்கி விக்கி நிற்கும். அமெரிக்காவிலோ லண்டனிலோ உட்கார்ந்து எழுதுகிறவரின் மேஜைக்கடியில் எந்தக் கேபினட் இருக்கிறது என்பது அவருடைய ரசனையைவிட எனக்கு முக்கியம்.

'சைபர்பங்க் 2077' கதையை இன்றைய கல்லூரிப் பையன்களில் பலர் மறந்துவிட்டார்கள். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் 2012-ல் அறிவித்து, எட்டு வருஷம் ஆசை காட்டி, 2020 டிசம்பர் 10-ல் வெளியிட்ட கேம். அதற்கு மூன்று நாள் முன்பே விமர்சனங்கள் வந்துவிட்டன. சராசரி மதிப்பெண் 90-ஐத் தொட்டது. ஆனால் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது பிசி பிரதி மட்டும். தாங்கள் ஆடியதைப் பதிவு செய்து காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் காட்டலாம். பழைய பிஎஸ்4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் கேம் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்துவிட்டு அந்த விமர்சனங்கள் எழுதப்படவில்லை. வாங்கியவர்கள் பார்த்தபோது அது கேமாகவே இல்லை. ஆட்கள் முகமில்லாமல் நின்றார்கள், தெருக்கள் கண் முன்னே தாமதமாக முளைத்தன, நடுவில் கேம் தானாக மூடிக்கொண்டது. சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மீண்டும் உள்ளே விட்டது.

கம்பெனி ஏமாற்றியது, விமர்சகர் என்ன செய்வார் என்று கேட்கலாம். ஒரு வரி எழுதியிருக்கலாம். 'பிஎஸ்4 பிரதி எங்களுக்குத் தரப்படவில்லை, அதனால் இந்த மதிப்பெண் பிசிக்கு மட்டும்' என்று தலைப்புக்குக் கீழேயே, கொட்டை எழுத்தில். சிலர் அதை எழுதினார்கள், ஆனால் கட்டுரையின் வாலில். கண்ணில் பட்டதோ எண். பிஎஸ்4 பதிப்புக்கான சராசரி பிற்பாடு 60-க்குக் கீழே இறங்கியது. அதற்குள் முன்பணம் கட்டியவர்கள் கட்டி முடித்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்சுக்குப் பிறகு அது அருமையான கேம். நானே இரவு கடை மூடிய பிறகு ஆடிக் கிடந்திருக்கிறேன். ஆனால் அந்த அருமை 2020-ல் காசு கொடுத்தவருக்கு விற்கப்பட்ட சரக்கு இல்லையே.

பாடம் படித்தார்களா? 2025 பிப்ரவரி 28-ல் காப்காம் 'மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ்' வெளியிட்டது. விமர்சகர் சராசரி மறுபடியும் 90-ஐ ஒட்டி. மூன்று நாளில் 80 லட்சம் பிரதி விற்றது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கியவர்களின் கருத்தோ முதல் நாளிலிருந்தே கலவை. ஜூன் மாதம் அண்மைக் கருத்துகள் கடைசிப் படிக்கட்டுக்கே இறங்கிவிட்டன. காரணம், பிசியில் கேம் ஓடிய லட்சணம். இதில் கம்பெனியைவிட விமர்சகர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஏனென்றால் கம்பெனி ஒளிக்கவில்லை. 1080பி-யில் விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைப் பட்டியலிலேயே எழுதியிருந்தது. அதாவது கார்டு உண்மையாக வரையும் இரண்டு படங்களுக்கு நடுவே ஊகித்து ஒன்றைச் செருகும் வித்தை. கண்ணுக்கு 60 தெரியும். கை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் நடுவிலான தாமதம் பழைய குறைந்த எண்ணுக்கு உரியதாகவே இருக்கும். மிருகத்தின் வால் சுழலும் கணத்தில் உருண்டு தப்பிக்க வேண்டிய கேமில் இது என்ன பாடு படுத்தும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பரிந்துரைக்கப்பட்ட மெஷினுக்கே ஊன்றுகோல் தேவை என்றால், அது விமர்சனத்தின் முதல் பத்தியில் வர வேண்டிய சேதி. வெளியீட்டுக்கு முன்பே காப்காம் இலவச பெஞ்ச்மார்க் ஒன்றும் விட்டிருந்தது. என்னிடம் கேட்டவர்களை முதலில் அதை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பாதிப் பேர் வாங்கவில்லை.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் ஃபவுண்ட்ரி போன்றவர்கள் ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பார்த்து, எந்த செட்டிங்கைக் குறைத்தால் என்ன இழக்கிறோம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதை 'டெக்னிக்கல்' என்று தனிச் சந்தில் ஒதுக்கிவிட்டு, மதிப்பெண் மட்டும் பிரதான வீதியில் ஊர்வலம் போகிறது.

அந்த எண்ணுக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியனுக்கு, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் போயிற்று. அங்கே உழைத்த கிறிஸ் அவலோன் 2012-ல் இதை வெளியே சொன்னார். எங்கோ ஒரு விமர்சகர் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்த கணக்கு, சம்பளக்காரர்களின் வருமானத்தில் கை வைத்திருக்கிறது. பிரிட்டனின் யூரோகேமர் 2015-ல் மதிப்பெண்ணே வேண்டாம் என்று விட்டுப் பார்த்தது. 2023-ல் நட்சத்திரங்களோடு திரும்பி வந்துவிட்டது. வாசகருக்கு எண் வேண்டியிருக்கிறது, எனக்கும் புரிகிறது. எண்ணோடு அது பிறந்த மெஷினையும் சேர்த்துச் சொன்னால் சண்டையே இல்லை.

ஆனால் மெஷின் மட்டும் பிரச்சினை என்றால், எல்லா மெஷினிலும் ஓடும் கேமுக்கு விமர்சனம் ஒழுங்காக அமைந்துவிட வேண்டுமே? 2025 செப்டம்பர் 4-ல் வந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்'கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்த கேம். விலை 20 டாலர். விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் பிரதி கிடையாது, காசு போட்டு ஆதரித்த ரசிகர்களுக்கு முன்னால் அவர்கள் ஆடுவது நியாயம் இல்லை என்று அதைச் செய்த டீம் செரி சொல்லிவிட்டது. அன்று ஸ்டீம் உட்படப் பல கடைகள் கூட்டம் தாங்காமல் படுத்தன. விமர்சகர்களும் எல்லாரையும் போல வரிசையில் நின்று வாங்கி, சரியாகச் செத்துச் செத்து ஆடினார்கள். மதிப்பெண் போடாமல், 'இத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை' என்று பலர் எழுதினார்கள். அந்த வாரம்தான் கேம் விமர்சனம் படிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆரம்ப எதிரிகளே இரட்டை அடி அடிக்கிறார்கள் என்று புகார் வந்து, சில நாளிலேயே முதல் பேட்சில் ஆரம்பத்தில் வரும் 'பாஸ்' எதிரிகள் இருவரைக் கொஞ்சம் இளக்கினார்கள். சீனத்திலோ மொழிபெயர்ப்பு வாய்க்குள் நுழையாத பழைய நடையில் இருக்கிறது என்று கொதித்து, அந்த மொழியில் மட்டும் கருத்து 'கலவை'க்கு இறங்கியது. ஒரே கேம், ஒரே வாரம். இவற்றையெல்லாம் கூட்டி வகுத்து ஒரு எண்ணாக்கினால் அது யாருடைய அனுபவம்?

ஸ்டீமில் வாங்கியவர் எழுதும் கருத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எத்தனை மணி நேரம் ஆடிவிட்டு எழுதுகிறார் என்பது பக்கத்திலேயே நிற்கும், இலவசமாகப் பெற்றிருந்தால் அதையும் குறிக்கச் சொல்வார்கள். தொழில்முறை விமர்சகரிடம் நான் கேட்பது இதைத்தான். அதற்காக ஸ்டீம் கூட்டத்தை அப்படியே நம்பச் சொல்லவில்லை. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட சோனி கணக்கு கட்டாயம் என்று வந்ததும், சில நாட்களில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர்க் கருத்துகள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. நியாயமான போராட்டம், வெற்றியும் பெற்றது. விமர்சனம் என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

ஆடியவர் யார் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு நம் வீட்டிலிருந்தே சாட்சி சொல்லலாம். 'வெண்பா'. கனடாவின் டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கணவர் பாவலன், அங்கே வளரும் மகன் கவின். அந்தத் தாய்க்கு அவளுடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் சிதைந்துபோயிருக்கும். விடுபட்டதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் புதிரே இட்லித் தட்டை ஆவி போகும்படி அடுக்குவது. இட்லிப் பானையைப் பார்த்திராத விமர்சகருக்கு அது யோசிக்க வேண்டிய புதிர். என் மனைவி மவுஸை வாங்கி, பேச்சை நிறுத்தாமலே சரியாக அடுக்கிவிட்டாள். ஆக, புதிர் சுலபமா கடினமா என்ற கேள்விக்கு ஆடியவரின் சமையலறை தெரிந்தால்தான் பதில் உண்டு.

சின்ன கேம், விலைக்கு நீளம் போதாது என்று சிலர் எழுதினார்கள். ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பது என் கடை வாடிக்கையாளருக்குச் சரி, விமர்சகருக்கு அது போதாது. என்னைக் கேட்டால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. வருஷங்களைத் தாண்டித் தாண்டிப் போகும் கதையில் பாவலனுக்கு இடமே இல்லை; வேலை தேடி அலையும் மனிதர் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார். மகன் ஆங்கிலத்தில் பேச, அம்மா தமிழில் பதில் சொல்லும் இடங்களோ வேறு எந்த கேமிலும் நான் பார்க்காதவை. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குப் போனது. அதற்கு முன்பும் பின்பும் இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் செய்தி வந்தது; விருது வாங்கிய தமிழர் என்று படம் வந்தது. நன்றாக இருக்கிறதா, எங்கே சறுக்கியது என்று ஆடிப் பார்த்து எழுதிய விமர்சனம் என் கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை வரும் படத்துக்கு அன்று மாலையே விமர்சனம் போடும் தமிழ்ப் பத்திரிகைகளிடம் என் விண்ணப்பம் இதுதான். மாதத்துக்கு ஒரு கேம் போதும். ஆடியவர் பெயர், மெஷினின் கார்டும் ராமும், ஆடிய மணி நேரம், பிரதி காசு கொடுத்து வாங்கியதா ஓசியா என்பதை முதலில் அச்சிட்டுவிட்டுப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் புகழுங்கள், திட்டுங்கள்.

அதுவரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தை ஆரம்பக் கதைக் காட்சிகளைப் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். செட்டிங்ஸைத் திறந்து ஃபிரேம் எண்ணைக் காட்டச் சொல்லி, ஆட்கள் நெரியும் இடம் எதுவோ அங்கே ஓடிப் பாருங்கள். உலகமே 90 போட்ட கேம் உங்கள் மெஷினில் 20 ஃபிரேமில் முக்கினால், கூச்சப்படாமல் காசைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.