நோட்டீஸில் இல்லாத பெயர்

கல்கத்தா நெடுஞ்சாலை தமிழ்நாட்டை விட்டு ஆந்திரத்துக்குள் புகுவதற்குச் சற்று முன்னே, கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்றும் சாலையிலே கண்டெய்னர் லாரிகளின் புழுதியுமாகக் கிடக்கிற ஆரம்பாக்கத்தில் உபாத்திமைத் தொழில் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆடி மாதத்து அம்மன் திருவிழா நோட்டீஸ்களை வருஷம் தவறாமல் எடுத்து வைப்பது என் பழக்கம். காசு பெறாத இந்தச் சேகரத்தைச் சென்ற வாரம் பிரித்துப் பார்க்க நேர்ந்ததற்கு ஒரு படம் காரணம்.

ஜோயி ஷெரினியன் என்ற அம்மையார் அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இசையியல் போதிக்கிறவர். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்து நாட்டுப்புற மெட்டிலே கிறிஸ்தவப் பாடல்களை இயற்றிய தியாபிலஸ் அப்பாவுவின் இசையைப் பல்லாண்டு ஆராய்ந்து 2014இல் நூலாக வெளியிட்டவர். 2011இல் அவர் எடுத்த ஆவணப்படம், தென்பாண்டிச் சீமையிலே முனைவென்றி என்ற கிராமத்தைச் சேர்ந்த ‘குறிஞ்சி மலர்’ என்னும் பறைக் குழுவைப் பற்றியது. படத்தின் ஆங்கிலத் தலைப்புக்கு ‘இது ஓர் இசை’ என்று பொருள். சங்கீதத்தைப் பற்றிய படத்துக்கு ‘இது சங்கீதம்தான்’ என்று பிரமாணம் செய்து பெயர் வைக்க வேண்டியிருந்தது என்பதிலேயே விஷயம் பாதி விளங்கிவிடுகிறது.

தொல்காப்பியர் ஐந்திணைக்கும் கருப்பொருள் வகுத்தபோது, தெய்வம், உணா, மரம், புள் என்பவற்றோடு பறையையும் வைத்தார். திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் வேண்டுவதும் பறையே. அவ்வளவு மரியாதையோடு இருந்த சொல்லின் வழியே வந்த ஜாதிப்பெயர், ஆங்கில அகராதிக்குள் போய், ஊராரால் விலக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது. சாவு வீட்டில் அடித்தே தீரவேண்டும் என்று ஒரு கூட்டத்தார் தலையில் கட்டிய ஊழியத்தால் வாத்தியம் தீட்டாயிற்று. வாத்தியம் தீட்டானதால் அதைத் தொட்டவனும் தீட்டானான். இந்த வட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்து, கூலிக்கு அடிப்பவர் என்ற நிலை மாறிக் கலைஞர் என்ற அந்தஸ்தோடு மேடையேற அந்தக் குழுவினர் பட்ட பாடுதான் படத்தின் கதை.

என் அபிப்பிராயத்தில் படத்தின் மேன்மை அதிலுள்ள ஆராய்ச்சியில் இல்லை. ஆராய வந்த பேராசிரியை, குச்சியைக் கையில் பிடித்து மாணவியாக நின்றாரே, அதில் இருக்கிறது. இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் ஒன்றையொன்று துரத்தவேண்டும், ஆனால் மோதக்கூடாது. சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மாரடிப்பு அடி என்று அடிகளுக்குப் பேர் வைத்துப் பாகுபாடு செய்திருக்கிறார்கள். இவற்றுள்ளே ‘சினிமா அடி’ என்று ஒன்றும் இருப்பதை அறிந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். குத்துப்பாட்டு என்று இன்றைக்குக் கல்யாண மண்டபமெல்லாம் அதிர்கிறதே, அதன் உயிரை இவர்களிடமிருந்து சினிமாக்காரர் எடுத்துக்கொண்டு போனார்கள். இவர்களோ கொஞ்சமும் கோபமில்லாமல் அதைத் திரும்ப வாங்கி, வாங்கின கடையின் பேரையும் அதற்கே வைத்துவிட்டார்கள்!

எங்கள் பக்கத்தில் ஆந்திர எல்லையிலுள்ள தடா ஊரைத் தாண்டினால் இதே ஜாதி வாத்தியம் ‘டப்பு’ ஆகிவிடுகிறது. திருவிழாவுக்கு எல்லைக்கு இப்பாலிருந்தும் அப்பாலிருந்தும் ஆட்கள் வருவார்கள். படத்தைப் பார்த்த மறுநாள், பக்கத்துத் தெருவில் ஒரு கிழவனார் காலமாகிவிட, மேளக்காரர் நால்வர் வேப்பமரத்தடியில் வைக்கோலைக் கொளுத்தி வாத்தியத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷமாகத் தூரத்திலிருந்தே பார்த்த காட்சி. அன்றுதான் அருகே போனேன். மூத்தவர் பறையைத் தீக்கு மேலே சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, திருப்தியில்லாமல் மறுபடி தீக்குக் காட்டினார். தம்பூராவுக்குச் சுருதி கூட்டுகிற வித்துவானுடைய முகத்தில் பார்த்த அதே சிரத்தை.

“உங்க செட்டுக்குப் பேர் என்னங்க?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு ஏதுங்க வாத்தியாரய்யா பேரு? மேளம்னு சொல்லிவிட்டா வந்துடுவோம்” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பறையைத் திருப்பி உட்பக்கத்தைக் காட்டினார். மூன்று துண்டாக இணைத்த கட்டையின் உள்வளையத்தில், பச்சைப் பெயிண்டில், அவருடைய தகப்பனாரின் பெயர் எழுதியிருந்தது. தோல் பக்கம் ஊரைப் பார்த்து இருப்பதால், அடிக்கிறவர் வயிற்றுக்கு மட்டுமே தெரிகிற எழுத்து அது.

வீட்டுக்கு வந்துதான் நோட்டீஸ்களை விரித்தேன். உபயதாரர்கள், அவர்களுடைய குழந்தைகள், பந்தல்காரர், மைக் செட்டுக்காரர் என்று சகலரும் பெயரோடு இருக்கிறார்கள். நாதஸ்வர வித்துவானுக்குப் பட்டங்களே இரண்டு வரி. கடைசியில் ‘பறை மேளம் முழங்க’ என்று ஒரு சொற்றொடர், ஆளில்லாமல். இத்தனை வருஷமும் இதை நானும் கவனிக்கவில்லை. சில வருஷம் அந்த நோட்டீஸுக்குப் பிழை திருத்திக் கொடுத்தவனே நான்தான்.

காலம் மாறவில்லை என்று சொல்லமாட்டேன். 2007இல் சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கியபின் பட்டணத்துப் பூங்காக்களில் பறை ஒலித்தது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் டில்லிக்குத் தெரிந்த விஷயம் ஆரம்பாக்கத்து அச்சுக்கூடத்துக்கு வந்து சேர நாம்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

ஆடி வருகிறது. திருவிழாக் கமிட்டியார், நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் மேளக்காரரைக் கூப்பிட்டு அவர்களுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு அச்சகத்தார் தனிக்கூலி கேட்பதில்லை. கேட்டால் நான் தருகிறேன்.