நாய் இருக்கும் வீட்டில் இரண்டு பூனைக் குட்டிகள்

மைசூரின் பழைய ஓட்டு வீடுகளில் பரணில் பூனை குட்டி போடுவது புதிதல்ல. பழந்தமிழின் 'வெருகு'க்கு உறவுச் சொல்தான் கன்னடத்தின் 'பெக்கு'. உறவு பழையது, அடைக்கலம்தான் எளிதில் கிடைப்பதில்லை. யாரோ தெருவில் விட்ட இரண்டு குட்டிகளைத் தூக்கி வருபவர், வீட்டில் நாய் இருந்தால் வாசலிலேயே தயங்குகிறார்.

தயக்கம் நியாயமானது. குட்டியைக் கொல்ல நாய்க்கு ஒரு கடி போதும். ஆனால், இவற்றின் பகைக்குப் பாதிக் காரணம் பாஷைக் குழப்பம். நாய் வாலாட்டினால் பெரும்பாலும் குஷி. பூனை வாலை விசிறினால் எரிச்சல். பயந்து ஓடும் குட்டி, நாயின் கண்ணுக்குத் துரத்த வேண்டிய பொருள்.

எனவே முதல் சில நாட்கள் குட்டிகளுக்குத் தனி அறை. படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு, முதலில் வாசனையைப் பழக்க வேண்டும். அடுத்து கம்பிக் கதவு வழியே பார்வை. கடைசியில்தான் நேருக்கு நேர்: நாய் சங்கிலியில், குட்டிகள் ஏறித் தப்ப ஓர் அலமாரி. நாய்க்குச் சோறு வைக்கும் நேரமும் வெளியே அழைத்துப் போகும் நேரமும் மாறக் கூடாது. குட்டிகள் இரண்டாக இருப்பது நல்லதே. கடித்தால் வலிக்கும் என்பதை ஒன்றுக்கொன்று கற்றுத் தந்துவிடும்.

ஆபத்து பல்லில் மட்டும் இல்லை. 1978இல் உலகெங்கும் நாய்களைத் தாக்கிய பார்வோ வைரஸ், பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய உறவு. அதன் பிந்தைய வகைகள் பூனைகளுக்கும் தொற்றக்கூடியவை. மூன்றுக்கும் தடுப்பூசி அவசியம். ரேபீஸ் ஊசியும் சேர்த்து. நாயின் தட்டில் மிஞ்சியதைப் பூனைக்குப் போடுவதும் சரியல்ல. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமாகும் என்பதை கலிபோர்னிய ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். அந்தச் சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை.

இத்தனைக்கும் பொறுமையில்லாமல், 'ஒத்துவரவில்லை' என்று குட்டிகளை மறுபடி தெருவில் விடுபவர்கள் உண்டு. பசி தாகத்தில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்! அந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப் போவதில்லை. வீட்டுப் பூனை 15 வருடம் வாழக்கூடியது. அத்தனை வருடங்களுக்கான முடிவைக் குட்டிகளைக் கையில் எடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.