நம் பக்கத்துக்கும் சேர்த்து எழுதப்பட்ட விதிகள்

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் தியாகதுருகம் போன்ற எந்த ஊரின் கடைத்தெருவையும், வெள்ளைப் பலகையில் சிவப்புக் கூட்டல் குறியைப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. கிளினிக், மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், டாக்டர் காரின் கண்ணாடி, தனியார் ஆம்புலன்ஸ் என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். மருத்துவத்துக்கான பொதுக் குறி அது என்றே ஊர் நினைக்கிறது. ஆனால் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் அந்தச் சின்னத்தை எதற்காகவும் பயன்படுத்தக் கூடாது என்கிறது 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம். சின்னம் பொறித்த பொருளும் பறிபோகலாம். பலகை எழுதுபவர், எழுதச் சொல்பவர், அதைத் தடுக்க வேண்டியவர் ஆகிய மூவருக்குமே இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாது என்றால் அது மிகையில்லை.

போர்க்களத்தில் அந்தக் குறிக்குப் பொருள் ஒன்றுதான்: இங்கே சுடாதே. மருந்துக்கடைக்கும் அதே குறி, படை மருத்துவமனைக்கும் அதே குறி என்றால், சுட வேண்டிய நேரத்தில் யார் தயங்குவார்கள்? இந்தக் குறியின் அருமையை யாழ்ப்பாணத்தார் பட்டு அறிந்தவர்கள். 1990-இல் அரசுப் படையும் விடுதலைப் புலிகளும் ஒப்புக்கொண்டபின், யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் ஒரு பாதுகாப்பு வலயமானது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு அங்கே நடந்ததைப் பிறகு பார்க்கலாம்.

சர்வதேச மனிதாபிமானச் சட்டம் என்ற நீளமான பெயருக்குப் பின்னால் இருப்பவை இப்படிப்பட்ட சின்னச் சின்ன விதிகள்தான். காயம்பட்டவரைத் தூக்கு, பிடிபட்டவரை அடிக்காதே, ஆயுதம் ஏந்தாதவரைக் குறிவைக்காதே. 1949 ஆகஸ்ட் 12 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான நான்கு ஒப்பந்தங்களை இந்தியா மறு ஆண்டே ஏற்றது. நான்கிலும் ஒரே மாதிரியான பிரிவு ஒன்று உண்டு (47, 48, 127, 144): இந்த ஒப்பந்தங்களை நாடு முழுவதும் பரப்ப வேண்டும், படைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும், இயன்றவரை பொதுக் கல்வியிலும் சேர்க்க வேண்டும். ஆக, இதைக் கற்பிப்பது நல்லெண்ணச் சேவை என்ற கணக்கில் வராது. அரசு கையெழுத்துப் போட்டு ஏற்ற கடமை அது.

பள்ளிகளில் ஜூனியர் ரெட் கிராஸ் இருக்கிறது. கல்லூரிகளில் யூத் ரெட் கிராஸ். ஜே.ஆர்.சி. பிள்ளைகளுக்கு ஆன்றி துனான் கதை மனப்பாடம். 1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தைப் பார்த்தார், புத்தகம் எழுதினார், 1901-இல் முதல் அமைதி நோபல் பெற்றார். முதலுதவியும் சொல்லித் தருகிறார்கள். உயிர் காக்கும் பயிற்சி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துனான் பிறந்த மே 8 கோடை விடுமுறையில் வருகிறது. பள்ளி நடக்கிற ஆகஸ்ட் 12-இலோ பேச்சுப் போட்டி, பரிசளிப்பு என்ற அளவில் விஷயம் முடிந்துவிடுகிறது. கருணை உள்ள ஒரு மனிதரின் கதையாகவே அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது. படையையும் அரசையும் கட்டுப்படுத்தும் சட்டமாகச் சேருவதில்லை.

சட்டமாகச் சொல்லித்தர எடுத்துக்காட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம். தியாகதுருகத்துக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் திருப்பணமூரைப் பூர்விகமாகக் கொண்ட விமானி அபிநந்தன் வர்த்தமான் 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானில் பிடிபட்டார். பெயரும் படை எண்ணும் சொன்னவர், எந்த விமானம், என்ன பணி என்று கேட்டபோது அதைச் சொல்வதற்கில்லை என்று மறுத்தார். நாடே அவருடைய துணிச்சலைக் கொண்டாடியது. துணிச்சல் உண்மைதான், ஆனால் அப்படி மறுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தது மூன்றாம் ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் இவற்றுக்கு மேல் கைதி எதையும் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 1 அன்று அவர் வாகா எல்லையைக் கடந்து திரும்பினார்.

அதே ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவு, கைதியை ஊரார் வேடிக்கை பார்க்கும் பொருளாக்கக் கூடாது என்கிறது. ரத்தம் வழியும் முகத்தோடு அவரைக் காட்டிய வீடியோவை எதிர்த்து இந்திய வெளியுறவுத் துறை ஜெனீவா ஒப்பந்தத்தைச் சுட்டித்தான் கண்டனம் சொன்னது. அந்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை கை மாறியது என்பதை அவரவர் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உக்ரைனிலோ காஸாவிலோ பிடிபட்டவர்களின் வீடியோ வந்தாலும் இதுதான் நடக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டம் போனில்தான் முதலில் எதிர்ப்படுகிறது, அதுவும் மீறலாக.

மேடையில் இந்தப் பேச்சு வந்தால் தமிழர் உடனே புறநானூற்றுக்குப் போவார்கள். போகலாம். பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் அரணுக்குள் போய்விடுங்கள், அம்பு வரப்போகிறது என்று போருக்கு முன் அறிவிக்கும் நெறியை ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் போற்றுகிறார். பாட்டுடைத் தலைவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. மேடைப் பேச்சு அங்கே நின்றுவிடும். பதினைந்தாம் பாட்டும் அதே புலவர் அதே மன்னனைப் பாடியதுதான். பகைவர் ஊரைக் கழுதை பூட்டி உழுததும், விளைவயலில் தேர் ஓட்டியதும், காவல் மிகுந்த குளத்தில் யானையை இறக்கிக் கலக்கியதும் அதில் புகழ்ச்சி. பயிரையும் குடிநீரையும் அழித்து மக்களை வாட்டுவதைத் தடைசெய்யும் விதி 1977-ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையில் 54-ஆம் பிரிவாக வந்தது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. இரண்டு பாட்டையும் ஒரே வகுப்பில் வைத்துப் படித்தால் பழம்பெருமை கொஞ்சம் குறையும். பாடம் நன்றாக ஏறும்.

தியாகதுருகம் மலைக்கோட்டை இதற்கெல்லாம் நல்ல வகுப்பறை. ஆத்தூர்க் கணவாய்ப் பக்கமிருந்து வரும் வழியைக் காத்ததால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்ப் படை என்று மாறி மாறி மோதிய இடம். ஆங்கிலேயத் தளபதி பிரெஸ்டன் 65 நாள் முற்றுகையிட்டு 1761-இல் பிடித்தார். 1790-இல் திப்புவின் தாக்குதலைக் கேப்டன் ஃபிளின்ட் தடுத்தார். தளபதிகளின் பெயர் கெஸட்டியரில் இருக்கிறது. மலையடிவாரத்தில் குடியிருந்தவர்கள் அந்த 65 நாளும் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டால், முற்றுகையில் சிக்கியவர்களுக்கு மருந்தும், சிறுவர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவும் போக வழிவிடச் சொல்லும் நான்காம் ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவுக்கு ஆசிரியர் அங்கிருந்தே போகலாம்.

இனி யாழ்ப்பாணம். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை போதனா மருத்துவமனைக்குள் நுழைந்தது. அன்றும் மறுநாளும் நோயாளிகள், டாக்டர்கள், தாதியர், ஊழியர்கள் என எழுபது பேரளவில் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்றது இந்தியத் தரப்பு. முன்னதாகப் புலிகள் சிலர் வளாகத்துக்குள் வந்துபோனதையும் 'முறிந்த பனை' நூல் பதிவு செய்திருக்கிறது. சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. மருத்துவமனையைப் போருக்குப் பயன்படுத்தினால் அதன் பாதுகாப்பு நீங்கும்; ஆனால் முன்னெச்சரிக்கை கொடுத்து, அவகாசமும் கொடுத்து, அதுவும் கேட்கப்படாமல் போனபிறகுதான். நாடுகளுக்கிடையிலான போருக்காக எழுதிய இந்த நெறி, உள்நாட்டுப் போர்களிலும் வழக்காறாக ஏற்கப்பட்டிருக்கிறது. அப்போதும் படுக்கையில் கிடக்கும் நோயாளியைச் சுட எவருக்கும் அனுமதி இல்லை.

2009 முள்ளிவாய்க்காலைத் தமிழ்நாடு மறக்கவில்லை. வன்னி மருத்துவமனைகள் மீது இலங்கைப் படை குண்டு வீசியது பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை இங்கே பலமுறை மேடையேறியிருக்கிறது. அதே அறிக்கையில், மக்களைக் கேடயமாக்கியது, தப்பி ஓடியவர்களைச் சுட்டது, சிறுவர்களைப் படையில் சேர்த்தது என்று புலிகள் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் அவ்வளவாக மேடையேறவில்லை. 1987-ஐ இந்திய அதிகாரிகள் பேசுவதில்லை. எதிர்த்தரப்பின் மீறலுக்கு மட்டும் சட்டத்தை எடுப்பது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் அப்படிக் கற்ற சட்டம், துப்பாக்கி நம் கையில் இருக்கும் நாளில் நினைவுக்கு வராது. கற்பிப்பதை நம் பக்கத்து மீறலில் தொடங்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர் தானாக 1987-ஐ வகுப்பில் எடுக்கமாட்டார். யார் கேள்வி கேட்பார்களோ என்ற பயம் நியாயமானது. தியாகதுருகம் இருக்கும் மாவட்டத்தின் சின்னசேலத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைக்கு இது தாத்தா பாட்டி பட்ட கதை. அந்தப் பிள்ளையைச் சாட்சியாக எழுப்பி நிறுத்தாமல், அதே நேரம் நடந்ததை மறைக்காமலும் பாடம் நடத்துவதற்குப் பயிற்சி வேண்டும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தமிழில் ஒரு கையேடு எழுதி, ஆகஸ்ட் 12-க்கு இரண்டு பாடவேளை ஒதுக்கச் சொல்லி எழுத்துப்பூர்வமாக ஆணையிட்டால், ஜே.ஆர்.சி. பொறுப்பாசிரியர் தைரியமாகக் கரும்பலகைக்கு முன் நிற்பார்.