பத்தாம் இடத்தோடு நின்றவர்கள்

1983 மே மாதத்திலிருந்து 1987 டிசம்பர் வரை 'தி ஸ்மித்ஸ்' என்ற இண்டி ராக் குழு பிரிட்டனில் 17 சிங்கிள்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றுகூட முதல் ஒன்பது இடங்களுக்குள் நுழையவில்லை. இரண்டு பாடல்கள் பத்தாம் இடத்தைத் தொட்டன, அதுதான் உச்சம். அதே குழுவின் 'தி குயின் இஸ் டெட்' ஆல்பத்தை, 2013-ல் பிரிட்டனின் என்எம்இ இதழ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களின் வரிசையில் முதலிடத்தில் வைத்தது. இந்த இரண்டு தகவல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் புரிந்துகொண்டால், தரவரிசைப் பட்டியல்கள் எதை அளக்கின்றன, எதைத் தவறவிடுகின்றன என்பது விளங்கிவிடும்.

1982-ல் மான்செஸ்டரில் பாடகர் மாரிசியும் கிதார் கலைஞர் ஜானி மாரும் தொடங்கிய குழு இது. பேஸ் கிதாருக்கு ஆண்டி ரூர்க், டிரம்ஸுக்கு மைக் ஜாய்ஸ். நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள், 70 பாடல்கள் அளவில் ஒரு சேகரம். ஐந்தாண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆல்பங்கள் நான்கும் பிரிட்டன் பட்டியலில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தவை. 1985 பிப்ரவரியில் 'மீட் இஸ் மர்டர்', புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.'வை இறக்கிவிட்டு முதலிடத்தைப் பிடித்தது. மற்ற மூன்றும் இரண்டாம் இடம்வரை சென்றன.

ஆல்பங்களை இவ்வளவு ஆர்வமாக வாங்கிய ரசிகர்கள் சிங்கிள்களை மட்டும் ஏன் கைவிட்டார்கள்? அவர்கள் கைவிடவில்லை. புதிய சிங்கிள் வந்த வாரமே கடைக்குப் போய் வாங்கிவிட்டார்கள். ஆனால், சிங்கிள் பட்டியலின் மேல்வரிசைக்குப் போக ரசிகர்கள் மட்டும் போதாது. பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களும் அடுத்தடுத்த வாரங்களில் வாங்க வேண்டும். அதற்குப் பகல்நேர வானொலியில் பாடல் திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும். ஊருக்கு ஊர் கடைகளில் இசைத்தட்டு இருப்பில் இருக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகள் கடைகளை வலம்வர வேண்டும். இவை யாவும் பெரிய நிறுவனங்களின் பலம். ஸ்மித்ஸை வெளியிட்டதோ, மேற்கு லண்டனில் 1976-ல் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய 'ரஃப் ட்ரேட்'.

விநியோகம் வகுத்த எல்லை

இந்த ஏற்றத்தாழ்வை உணர்ந்துதான் 1980 ஜனவரியில் பிரிட்டனில் சுயேச்சை இசைத்தட்டுகளுக்கெனத் தனிப் பட்டியல் தொடங்கப்பட்டது. அதில் இடம்பெற ஒரு நிபந்தனைதான் முக்கியம்: பெரிய நிறுவனங்களின் விநியோக வலைக்கு வெளியே அந்த இசைத்தட்டு கடைக்கு வந்திருக்க வேண்டும். பாடல் எந்த வகை, கிதார் எப்படி ஒலிக்கிறது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஸ்மித்ஸின் முதல் சிங்கிளான 'ஹேண்ட் இன் க்ளவ்' பொதுப் பட்டியலின் முதல் 75 இடங்களில் தென்படவே இல்லை. சுயேச்சைப் பட்டியலில் அது மூன்றாம் இடம். இதில் முதல் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அப்படியொரு குழு பிறந்ததே தெரிந்திருக்காது.

அந்தப் பட்டியலும் குறையற்றது அல்ல. கைலி மினோக்கின் பளபளப்பான பாப் பாடல்களை வெளியிட்ட பிடபிள்யூஎல் நிறுவனமும் சுயேச்சை விநியோகத்தையே பயன்படுத்தியது. அதனால், 80-களின் பிற்பகுதியில் அந்தப் பாடல்களும் சுயேச்சைப் பட்டியலின் உச்சியில் அமர்ந்தன. எந்த வரையறையை வைத்து எண்ணுகிறோமோ, அதற்கேற்ற விடைதான் கிடைக்கும்.

மூன்று முறை வந்த பாடல்

'ஹவ் சூன் இஸ் நவ்?' பாடலின் கதை இன்னும் தெளிவானது. 1984-ல் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் மாரும் அந்தப் பாடலின் அதிரும் கிதார் ஒலிக்காக நான்கு ஆம்ப்ளிஃபயர்களை வரிசையாக வைத்தார்கள். ஆளுக்கு இரண்டைக் கையால் இயக்கி, பாட்டின் தாளத்தோடு அதிர்வு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்கள். தாளம் பிசகியபோதெல்லாம் நிறுத்தினார்கள். டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி பதிவுசெய்தார்கள். அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்த ஒலிதான் பாடல் முழுவதும் அலையடிக்கிறது. இவ்வளவு உழைப்பில் உருவான பாடல் எங்கே வெளிவந்தது? அந்த ஆகஸ்டில் வேறொரு சிங்கிளின் 12 அங்குலத் தட்டில், பின்பக்கத்தில். இது குழுவின் வழக்கமான பாணியில் இல்லையே என்ற தயக்கம் நிறுவனத்துக்கு இருந்தது.

நவம்பரில் அதே பாடல் 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பில் சேர்க்கப்பட்டது. பிபிசி வானொலியில் ஜான் பீல், டேவிட் ஜென்சன் ஆகியோரின் நிகழ்ச்சிகளுக்காகப் பதிவான பாடல்களையும் சில சிங்கிள்களையும் கொண்ட தொகுப்பு அது. 3.99 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். வாங்குபவரின் சட்டைப்பையை நினைத்துப் பார்த்த ஓர் அறிவிப்பு அது. 1985 தொடக்கத்தில் ஒருவழியாக 'ஹவ் சூன் இஸ் நவ்?' தனி சிங்கிளாக வந்தபோது, விரும்பியவர்களிடம் ஏற்கெனவே இரண்டு வடிவங்களில் அது இருந்தது. கிடைத்த இடம் 24. வெளியீட்டு வரிசையின் விளைவான இந்த எண்ணை, பாடலுக்குக் கிடைத்த வரவேற்பாகப் படிப்பது பெரும் பிழை.

வெளியான 17 சிங்கிள்களில் ஒன்பது, அந்நாளைய பிரிட்டன் பதிப்பு ஸ்டுடியோ ஆல்பங்கள் எதிலும் இல்லை. ஸ்டுடியோ ஆல்பம் வாங்கும் ரசிகரிடம் ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு வாங்காத வழக்கம் இது. இதற்கு மாறாக, 'மீட் இஸ் மர்டர்' வெளியாகிச் சில மாதங்கள் கழித்து அதிலிருந்து ஒரு பாடலைச் சிங்கிளாக்கியபோது 49-ம் இடம்தான் கிடைத்தது.

இதைச் சொல்வதால் குழுவைத் துறவிகளாக்கிவிடக் கூடாது. அவர்களுக்குப் பட்டியலில் உயர வேண்டும் என்ற தீராத ஆசை இருந்தது. நிறுவனம் போதிய அளவு விளம்பரப்படுத்தவில்லை என்ற மனக்குறையும் இருந்தது. கலைவதற்கு முன்பே இஎம்ஐ என்ற பெருநிறுவனத்தோடு ஒப்பந்தமும் செய்திருந்தார்கள். பட்டியலில் கிடைத்த இடம்தான் அவர்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்துதான் சிறு நகரத்து இளைஞர்களிடம் அந்தப் பாடல்கள் சென்றன. பட்டியலுக்கு உண்மையான பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து

ஆனாலும் 1992 சொல்லும் பாடத்தைத் தவிர்க்க முடியாது. ரஃப் ட்ரேடின் விநியோகப் பிரிவு 1991-ல் நொடித்துப்போன பிறகு, ஸ்மித்ஸின் பதிவுகள் வார்னர் நிறுவனத்தின் கைக்குப் போயின. 1983-ல் 25-ம் இடத்தோடு நின்ற 'திஸ் சார்மிங் மேன்', 1992-ல் மறுவெளியீடாக வந்து எட்டாம் இடத்தைப் பிடித்தது. குழு கலைந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அதன் பெயரில் கிடைத்த மிக உயர்ந்த சிங்கிள் இடம் இதுதான். பழைய பாடல்களின் தொகுப்பான 'பெஸ்ட்... 1' ஆல்பமோ முதலிடத்துக்கே போனது. முதன்முறை கேட்ட தலைமுறை வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியிருந்தது ஒரு காரணம். இசைத்தட்டை எல்லாக் கடைகளுக்கும் கொண்டுசேர்க்கும் வலு வார்னருக்கு இருந்தது இன்னொரு காரணம்.

இன்றைய ஸ்ட்ரீமிங் கணக்கு இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பிரிட்டன் சிங்கிள் பட்டியலில் 2014 முதல் ஸ்ட்ரீமிங்கும் சேர்க்கப்படுகிறது. 1986-ல் சிங்கிளாகவே வெளிவராத 'தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்', இன்று ஸ்மித்ஸின் மிக அதிகம் கேட்கப்படும் பாடல்களில் ஒன்று. ஆனால், 2017-ல் கொண்டுவரப்பட்ட விதியின்படி, பட்டியலில் நெடுநாள் இருந்து இறங்குமுகமாகும் பாடல்களையும் பழைய பாடல்களையும் கேட்பதற்குப் பட்டியல் கணக்கில் மதிப்புக் குறைவு. புதியவற்றுக்கு இடம் வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. அப்படியென்றால், நிலைத்து நிற்பதை அளக்கும் பொறுப்பை இந்தப் பட்டியல் ஏற்கவில்லை என்பதையும் நாம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு குழுவின் வரலாற்றை எழுதும் இசை இதழ்களும் கலைக்களஞ்சியங்களும் 'உச்ச இடம்' என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பதிவை யார் விநியோகித்தார்கள், அந்தப் பாடல் அதற்குமுன் எத்தனை வடிவங்களில் கிடைத்தது, 10, 20 ஆண்டுகள் கழித்தும் அதை வாங்கவும் கேட்கவும் ஆள் இருந்தார்களா என்பவற்றையும் அதனருகில் தர வேண்டும். இவை தேடினால் கிடைக்காத விவரங்கள் அல்ல. சிறு நிறுவனத்தில், சிறு முதலீட்டில் பாடலைப் பதிவுசெய்து வெளியிடும் இளைஞர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முதல் வார எண்ணைப் பார்த்துத் தங்கள் உழைப்பைத் தாங்களே குறைத்து மதிப்பிடாமலிருக்க, இந்த முழுக் கணக்கு அவர்களுக்குத் தேவை.