பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடும் முன்..!

வீட்டில் வைஃபை தரும் ரவுட்டரைக் கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள்? போன் கேட்டால் உடனே செய்துவிடுகிறோம். அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் ரவுட்டரோ, நெட் நின்றால்தான் நினைவுக்கே வரும்.

ரவுட்டரும் ஒரு குட்டி கம்ப்யூட்டர்தான். அதற்குள் ஓடும் மென்பொருளுக்கு ஃபெர்ம்வேர் என்று பெயர். விற்ற சில ஆண்டுகளில் தயாரிப்பாளர் இதற்கான அப்டேட்டை நிறுத்திவிடுவார். பெட்டி கெட்டுப்போவதில்லை, விளக்கு எரியும், நெட்டும் வரும். புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் மட்டும் அடைபடாமலே இருக்கும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது தெரியவந்தது. பெரும்பாலும் வீடு, சிறு அலுவலக ரவுட்டர்கள்தான். எல்லோரும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே கேட்டுக்கொண்டது.

அப்போ பழசைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? அவசரப்பட வேண்டாம். 'ஓபன்டபிள்யூஆர்டி' என்ற இலவச ஃபெர்ம்வேர் இருக்கிறது. 2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸைப் பயன்படுத்தி விற்றால் அதன் மூல நிரலையும் தர வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. விடாமல் கேட்டதில், 2003இல் நிரல் வெளிவந்தது. அதிலிருந்து 2004இல் பிறந்ததுதான் இந்தத் திட்டம். பெயரில் உள்ள 'டபிள்யூஆர்டி' அந்தப் பெட்டியின் பெயர்தான்!

இதைப் போட்டால், தயாரிப்பாளர் கைவிட்ட ரவுட்டருக்கும் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஒருவர் வீடியோ அப்லோட் செய்யும்போது இன்னொருவரின் கால் திக்கித் திணறுமே, அதைச் சரிசெய்யவும் வசதி உண்டு. ஆனால் அதிவேக ஃபைபர் இணைப்பில் பழைய ரவுட்டரின் புராசஸர் அந்த வேலைக்கு ஈடுகொடுக்காமல் போகலாம்.

எல்லா ரவுட்டருக்கும் இது சரிப்படாது. 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம் ஆவது இருக்க வேண்டும். பிராட்காம் சிப் உள்ள பல ரவுட்டர்களில் வைஃபை ஒழுங்காக வேலை செய்யாது. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் கை வைக்காதீர்கள்; அது அவர்களுடையது.

முக்கியமாக, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணோடு வெர்ஷனையும் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் பெட்டிக்குள் வெர்ஷனுக்கு வெர்ஷன் சிப்பே மாறியிருக்கும். நான் முதல்முறை மாடல் பெயரை மட்டும் பார்த்து ஃபைலை ஏற்றினேன். எல்லா விளக்கும் ஒருசேர மின்னியது, அவ்வளவுதான். மீட்டெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. வீட்டில் வாங்கிய திட்டு தனி. ஃபைலை ஏற்றும்போது கரன்ட் போனாலும் இதே கதிதான். யுபிஎஸ் இருந்தால் நல்லது. வைஃபை வழியாக ஏற்றாமல் கேபிளில் ஏற்றுங்கள்.

நல்லா ஓடுற ஒரு பெட்டியைக் காப்பாற்ற சாதாரண மனிதர் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்பதுதான் என் ஆதங்கம். இது ஆர்வமுள்ளவர்களுக்கான வழி. எல்லோருக்குமான தீர்வு அல்ல. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு எதுவரை பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதி தேதி பார்த்து வாங்கும் நாம், ரவுட்டர் பெட்டியிலும் அப்படி ஒரு தேதியைக் கேட்கலாம். அந்தத் தேதி முடிந்த பிறகாவது, வேறு ஃபெர்ம்வேர் ஏற்ற முடியாதபடி போட்ட பூட்டைத் தயாரிப்பாளரே திறந்துவிட வேண்டும்.