உரைகல்லையும் கொஞ்சம் உரைத்துப் பார்க்கலாம்

1979-ல் அமெரிக்காவில் 'லின்பேக்' என்ற சாஃப்ட்வேருக்கு ஒரு கையேடு வெளியானது. ஒருங்கமைச் சமன்பாடுகளுக்கு விடை காணும் சாஃப்ட்வேர் அது. பள்ளிக்கூடத்தில் எக்ஸ், ஒய் என்று தெரியாத இரண்டு எண்களோடு மல்லுக்கட்டினோமே, அதேதான். இங்கே தெரியாத எண்கள் நூறு, ஆயிரம், லட்சம் என்று போகும். கையேட்டின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை. நூறு சமன்பாடுகள் கொண்ட ஒரே கணக்கை 23 கம்ப்யூட்டர்கள் எவ்வளவு நேரத்தில் போட்டு முடித்தன என்று அது சொன்னது. உங்கள் கணக்கு உங்கள் மெஷினில் முடிய எவ்வளவு நேரமாகும் என்று உத்தேசமாகத் தெரிந்துகொள்ள ஓர் உதவி, அவ்வளவுதான். கையேட்டை எழுதிய நால்வரில் ஒருவர் ஜாக் டொங்காரா.

அந்தப் பின்னிணைப்பு வளர்ந்து பெரிய மனிதராகிவிட்டது. 1993 ஜூனிலிருந்து உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. இடம் பிடிக்க வேண்டுமானால் லின்பேக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். 2007 நவம்பரில் புனேயில் டாடா குழுமம் அமைத்த 'ஏகா' நான்காவது இடத்தைப் பிடித்தபோது நம் நாளிதழ்கள் முதல் பக்கத்தில் கொண்டாடின. அடுத்தடுத்த பட்டியல்களில் அது இறங்கிக்கொண்டே போனதை யாரும் முதல் பக்கத்தில் போடவில்லை. தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க்கைத் தேடும் பழக்கம் நமக்கு எளிதில் போகாது.

இப்படிப்பட்ட சோதனைக்கு ஆங்கிலத்தில் பெஞ்ச்மார்க் என்று பெயர். மொழிபெயர்ப்பாளர்கள் 'அளவுகோல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எனக்கு 'உரைகல்'தான் பொருத்தமாகப் படுகிறது. தங்கத்தை உரைத்துப் பார்க்கும்போது கல்லும் சரியாக இருக்க வேண்டும், உரைக்கும் கையும் நேர்மையாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் 'அளவுகோல்' என்ற சொல்லில் வருவதில்லை.

அந்த 'வேகம்' எங்கிருந்து வருகிறது? சிப்பிலிருந்து என்று நினைப்போம். பாதிதான் உண்மை. வானிலை முன்னறிவிப்பு, பாலத்தின் தாங்குசக்தி, இப்போது செயற்கை அறிவு என்று எதை எடுத்தாலும் கம்ப்யூட்டருக்குள் நடப்பது பெரும்பாலும் எண் கட்டங்களைப் பெருக்குவது, கூட்டுவது. பள்ளிப் பாடநூலில் இதற்கு 'அணி' என்று பெயர். இந்த அடிப்படை வேலைகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் என்று 1979-லேயே ஒரு பொதுத் தொகுப்புக்கு வரையறை வகுத்தார்கள். 'பிளாஸ்' என்று பெயர். இத்தகைய தொகுப்பை லைப்ரரி என்கிறார்கள். தமிழில் நூலகம் என்று எழுதினால் புத்தக அலமாரிதான் நினைவுக்கு வரும் என்பதால் லைப்ரரி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆயிரம் வரிசை, ஆயிரம் நிரல் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்க வேண்டும். பெருக்கல் 100 கோடி, கூட்டல் ஏறக்குறைய 100 கோடி. கல்லூரியில் முதலாண்டு மாணவர் இதற்கான புரோகிராமை ஐந்தே வரியில் எழுதிவிடுவார். விடை சரியாக வரும். நல்ல லைப்ரரி ஒன்றும் அதே விடையைத் தரும். ஆனால் அதே கம்ப்யூட்டரில் ஐம்பது மடங்கு, சமயத்தில் நூறு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் தரும். கணக்கு ஒன்றுதான், போடும் வரிசைதான் வேறு.

காரணத்தை எந்த வீட்டுச் சமையலறையிலும் பார்க்கலாம். கை எட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி. கொஞ்சம் தள்ளி அலமாரி. தெருமுனையில் மளிகைக் கடை. ஒவ்வொரு முறை கடுகு தாளிக்கும்போதும் கடைக்கு ஓடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரராக இருந்தாலும் சாப்பாடு சாயங்காலம்தான் தயாராகும். கம்ப்யூட்டரில் மெயின் மெமரிதான் அந்தக் கடை. அங்கிருந்து ஓர் எண் வந்து சேரும் நேரத்தில் பிராசஸர் நூற்றுக்கணக்கான கூட்டல் பெருக்கல்களை முடித்துவிடும். ஆகவே அணிகளைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டத்தை அருகில் கொண்டுவந்தால் அதை வைத்துச் செய்யக்கூடிய வேலை அத்தனையையும் முடித்துவிட்டுத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். எவ்வளவு பெரிய கட்டம், எந்த வரிசை என்பது சிப்புக்குச் சிப் மாறும்.

இந்த வெட்டும் கலையில் ஒரு மேதை இருந்தார். கசுஷிகே கோட்டோ. ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை. 2002-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பெரிய நிறுவனங்கள் குழு குழுவாக ஆள் வைத்து எழுதிய லைப்ரரிகளை இந்தத் தனி மனிதர் கையால் எழுதிய நிரல் முந்தியது. கையால் என்றால் சிப்பின் சொந்த மொழியான அசெம்பிளியில், ஒவ்வொரு ஆணையாக. எல்லோரும் அஞ்சறைப் பெட்டியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் வேறொன்றைக் கவனித்தார். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று பிராசஸர் ஒரு சின்னச் சீட்டில் குறித்து வைத்திருக்கும். சீட்டில் இல்லாத இடத்துக்குப் போக நேர்ந்தால் தேடவே நேரம் போய்விடும். சீட்டுக்கு அடங்கும்படியும், அஞ்சறைப் பெட்டிக்குப் பதிலாக அலமாரி நிறையும்படியும் அவர் கட்டத்தை வெட்டினார். 2005-ல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியது. 2008-ல் அவரும் பேராசிரியர் ராபர்ட் வான் டி கெய்னும் அந்த வித்தையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தொழில் ரகசியத்தைத் தானே எழுதி ஊருக்குக் கொடுக்கும் தட்டார் எத்தனை பேர் இருப்பார்கள்?

பிறகு கோட்டோ தனியார் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவருடைய லைப்ரரி 2010-ன் பதிப்போடு நின்றது. புதுச் சிப் வந்தால் பழைய வெட்டு பொருந்தாது. யாரும் தொடாமல் விட்டிருந்தால் நான்கைந்து ஆண்டுகளில் அது அருங்காட்சியகப் பொருளாகியிருக்கும். ஆனால் அந்தக் கடைசிப் பதிப்பு, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வெளியாகியிருந்தது. சீன அறிவியல் கழகத்தின் சாஃப்ட்வேர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜாங் சியான்யீ 2011-ல் அதை எடுத்தார். அவருக்கு ஒரு தேவை இருந்தது. சீனா சொந்தமாகத் தயாரித்த 'லூங்சன்' சிப்புக்கு வேகமான லைப்ரரி கிடையாது. அதற்காகத் தொடங்கிய வேலை 'ஓப்பன்பிளாஸ்' என்ற பெயரில் இன்று அநேகமாக எல்லாச் சிப் குடும்பங்களுக்கும் கிடைக்கிறது.

திறந்த நிரல் என்பதை நம்மில் பலர் 'இலவசம்' என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். இன்டெல்லின் எம்.கே.எல். லைப்ரரியும் இலவசமாகக் கிடைக்கிறது, மிக வேகமானதும்கூட. ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. போட்டியாளரான ஏ.எம்.டி.யின் சிப்பில் ஓடும்போது, அந்தச் சிப்பால் முடிந்த வேகமான வழி இருக்க, எம்.கே.எல். மெதுவான வழியில் போனது. தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து அது வழியைத் தேர்ந்தெடுத்தது. கையேட்டில் இல்லாத ஒரு சொல்லைக் கொடுத்தால் வேகம் எகிறுவதைப் பயனாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2020-ன் பதிப்பில் அந்த வழி அடைபட்டது. இதே நிறுவனத்தின் கம்பைலர் விவகாரம் அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை போய், போட்டியாளர்களின் சிப்பில் வேகம் குறையலாம் என்று வெளிப்படையாக அறிவிக்க இன்டெல் 2010-ல் உடன்பட வேண்டியிருந்தது. இரண்டு சிப்புகளை எம்.கே.எல். வைத்து ஒப்பிட்டு அட்டவணை போட்ட ஒருவர், தன்னை அறியாமலேயே ஒரு பக்கம் சாய்ந்த தராசில் நிறுத்திருப்பார்.

மூடிய பெட்டி இல்லாமலே ஏமாற்றலாம் என்பது வேறு விஷயம். எட்டுப் பேர் சேர்ந்து நாற்று நட்ட நேரத்தை ஒருவர் நட்ட நேரத்தோடு ஒப்பிடுவதுபோல, நம் லைப்ரரிக்கு எட்டு கோர்களும் எதிராளிக்கு ஒன்றும் கொடுக்கலாம். 1024 போன்ற சில அளவுகளில் பல லைப்ரரிகள் தடுமாறும். அந்த அளவை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டலாம். பத்து முறை ஓட்டி நமக்குச் சிறந்ததையும் எதிராளிக்குச் சராசரியையும் போடலாம். எல்லாவற்றிலும் வேடிக்கை, விடையை யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்துகொள்ளும் கம்பைலர் கணக்கையே போடாமல் விட்டுவிடுவது. அப்போது வேகம் வானத்தைத் தொடும். இவற்றில் பாதி திருட்டு, பாதி அறியாமை. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழிதான் உண்டு. சோதனைக்கான நிரல், சிப், பதிப்பு, எத்தனை கோர், என்னென்ன அளவு எல்லாவற்றையும் வெளியிட்டு 'நீங்களே ஓட்டிப் பாருங்கள்' என்று சொல்வது. நல்ல ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள் அதைச் செய்கின்றன. தோற்ற அளவுகளையும் சேர்த்தே வெளியிடுகிறவர்களை நான் கூடுதலாக நம்புகிறேன்.

வேகத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, விடை சரியா என்பது. கம்ப்யூட்டரின் வழக்கமான கணக்கில் ஓர் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கம்தான் இடம். நூறு கோடி கோடியோடு 1 கூட்டினால் அந்த 1 தங்க இடமில்லை, உதிர்ந்துவிடும். பிறகு அந்த நூறு கோடி கோடியைக் கழித்தால் மிச்சம் 0. முதலில் கழித்துவிட்டு 1 கூட்டியிருந்தால் மிச்சம் 1. கூட்டும் வரிசை மாறினால் விடை மாறுகிறது! வேகமான லைப்ரரிகள் செய்வதே வரிசையை மாற்றுவதுதான். பெரும்பாலும் வித்தியாசம் கடைசி இலக்கத்தில் ஒடுங்கிவிடும். எங்கே ஒடுங்காது என்று சோதித்துச் சொல்வது லைப்ரரி எழுதுகிறவர்களின் பொறுப்பு. வேகத்தை மட்டும் சொல்லிப் பிழையைச் சொல்லாத அட்டவணையை நான் படிப்பதில்லை.

இலக்கத்தைக் குறைத்தால் வேகம் பல மடங்கு கூடும். செயற்கை அறிவுக் கணக்குகளுக்கு அது போதும். வானிலைக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. 2023 மே மாதம் புனேயின் 'ஐராவத்' உலகப் பட்டியலில் 75-வது இடத்தைப் பிடித்ததை அரசு அறிவித்தது. அதில் 410 'ஏஐ பெட்டாஃப்ளாப்', 13 பெட்டாஃப்ளாப், 8.5 பெட்டாஃப்ளாப் என்று மூன்று எண்கள். ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் விநாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குகள். முதலாவது குறைந்த இலக்கக் கணக்கில் உச்சம். இரண்டாவது முழு இலக்கத்தில் காகித உச்சம். கடைசியாக இருப்பதுதான் லின்பேக்கில் ஓடிக் காட்டிய வேகம். மூன்றும் பொய்யில்லை. தலைப்புச் செய்திக்கு எது போகும் என்று சொல்லத் தேவையில்லை.

லின்பேக்கின் எண்ணும் கொஞ்சம் தாராளமானதுதான். அணிப் பெருக்கல் அஞ்சறைப் பெட்டிக்கு மிகவும் இணக்கமான வேலை. நிஜ உலகக் கணக்குகள் பல அப்படி இல்லை, கடைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டொங்காராவே இன்னொருவரோடு சேர்ந்து 2013-ல் அத்தகைய கணக்கு ஒன்றை மாற்று உரைகல்லாக முன்வைத்தார். லின்பேக்கில் 442 பெட்டாஃப்ளாப் காட்டிய ஜப்பானின் ஃபுகாகு அதில் காட்டியது 16. அந்தச் சோதனையில் அது பல ஆண்டுகள் உலக முதலிடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி பணம். பைத்தான் மொழியில் எண் கணக்குக்கான அடிப்படை லைப்ரரி நம்பை. அதன் முதல் முழுப் பதிப்பு 2006-ல் வந்தது. ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்ததிலும், 2019-ல் வெளியான கருந்துளைப் படத்திலும் அதற்குப் பங்கு உண்டு. லினக்ஸிலும் விண்டோஸிலும் வழக்கமான முறையில் அதை இறக்கினால் ஓப்பன்பிளாஸும் கூடவே வருகிறது. உலகமே உபயோகித்த இந்த லைப்ரரிக்கு முதல் நிதியுதவி 2017-ல்தான் கிடைத்தது. மூர் அறக்கட்டளை கொடுத்த 6,45,020 டாலர். அதுவரை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிலர் பார்த்த வேலைதான் அது. நம் நாட்டில் சூப்பர் கம்ப்யூட்டர் இயக்கத்துக்கு 2015-ல் ஒதுக்கியது 4,500 கோடி ரூபாய். பெட்டி வாங்கினால் திறப்பு விழா வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். லைப்ரரியில் நூறு வரியைத் திருத்தியதற்காக எந்த அமைச்சரும் குத்துவிளக்கு ஏற்றியதில்லை.

சென்னை ஐஐடியின் 'சக்தி', சிடாக்கின் 'வேகா' என்று நாமும் சொந்தச் சிப்புகளை வடிவமைக்கிறோம். இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் பெரிய கணக்குப் போடும் சிப் ஒன்றை நாம் செய்யும் நாளில், அதன் சீட்டுக்கும் அலமாரிக்கும் ஏற்ப அணிகளை வெட்டித் தர ஆள் வேண்டும். லூங்சனுக்கு அப்படி ஒருவர் 2011-லேயே உட்கார்ந்தார். ஓப்பன்பிளாஸில் ரிஸ்க்-ஃபைவுக்கான பகுதி ஏற்கெனவே இருக்கிறது, எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஓர் எம்.டெக். மாணவருக்கு இரண்டு வருட உதவித்தொகை என்ற அளவிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.